காற்று ஊட்டிய குஞ்சு

அன்று கிளுவை வேலியில் இருந்தவை ஏழு குருவிகளா ஆறா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. அவற்றை முதலில் கண்ட மரகதமே ஒரு சமயம் ஏழு என்பாள், இன்னொரு சமயம் ஆறு என்பாள். மாதம் ஆனியா ஆடியா என்பதும் சரியாக நினைவில்லை. பலர் சொல்லக் கேட்டுக் கேட்டு, நான் பார்க்காததையும் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். இருந்தாலும் சொல்லத் துணிகிறேன். அந்த வருடம் பறவை நோக்குவோர் சங்கத்தின் கணக்கில் அதே குருவி பதினாலாயிரம் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் என் பிழை ஒன்றே ஒன்றுதான்.

கோவைக்குத் தெற்கே ஊசிக்குட்டை என்றொரு நீர்நிலை. ஞாயிறு விடிந்ததும் சங்கத்தார் அதன் கரைமேல் வரிசையாக நடப்பார்கள். யார் கையிலும் கேமரா இருக்காது. எல்லார் தலையிலும் அகன்ற வெள்ளைத் தொப்பி இருக்கும். பறவை தெரிந்தால் நின்று, இமைகளை இரண்டு முறை இறுக மூடித் திறப்பார்கள். படம் விழுந்துவிடும்.

அந்தக் கண்ணுக்குத் தெளிகண் என்று பெயர். கருவிழிக்குப் பின்னால் பதிக்கும் மெல்லிய வில்லை, அதற்குத் துணையாகக் காதுக்குள் ஒரு சிறு மணி. மரகதத்தின் வயதுக்காரர்கள் வளர்ந்த பிறகு பொருத்திக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களுக்குப் பள்ளியில் சேர்க்கும்போதே தடுப்பூசியோடு சேர்த்துப் பொருத்திவிட்டார்கள். தெளிகண் தொலைவில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும், பெயர் சொல்லும், படமெடுக்கும். ஆனால் ஜனங்களுக்கு அதில் மிகவும் பிடித்தது சல்லடைதான். பார்க்க விரும்பாததைச் சல்லடையில் தள்ளிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. அதன் இடத்தில் பின்னால் இருக்கும் சுவரையோ இலையையோ தெளிகண்ணே வரைந்து நிரப்பிவிடும். நகரவாசிகள் அதைக் குப்பைமேட்டுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் பயன்படுத்தினார்கள். சங்கத்தார் காக்கைக்கும் மைனாவுக்கும் பயன்படுத்தினார்கள்.

அதிலும் நியாயம் இருந்தது. அரிய பறவை ஒன்றுக்காகக் காலையெல்லாம் காத்து நிற்பவன் முன்னால் காக்கை வந்து உட்கார்ந்தால் எரிச்சல் வராதா? ஆகவே பறவைப் பதிவகம் அன்றாடம் காணும் பறவைகளைச் 'சாதாரணம்' என்று ஒரு வகுப்பாக்கிச் சல்லடைக்குள் போட்டது. சங்கத்தில் இருக்கும்வரை யாரும் அந்தச் சல்லடையை அணைக்கக்கூடாது. அணைத்தால் அவர் அதுவரை பார்த்த பறவைகளின் வாழ்நாள் எண்ணிக்கை மொத்தமும் அழிந்துவிடும். கண்ணில் படாத பறவைகளை எப்படிக் கணக்கெடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, சென்ற ஆண்டின் எண்ணிக்கையையே இந்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அப்படியே பல ஆண்டுகள் ஓடின.

தொப்பி எதற்கென்றால், பறவையைத்தான் சல்லடை மறைக்கும், அதன் எச்சத்தை மறைக்காது.

மரகதத்துக்கு வலக்கண்ணில் நீரழுத்தம் வந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. மருத்துவர் அந்தக் கண்ணின் வில்லையையும் அந்தப் பக்கத்துக் காதின் மணியையும் எடுத்துவிட்டு, புண் ஆறியதும் வரச் சொன்னார். ஆறியது. அவள் போகவில்லை. இடக்கண்ணை மூடிக்கொண்டு ஊசிக்குட்டைக் கரையில் நின்ற முதல் நாளே வலக்கண் அவளுக்கு வேறோர் உலகத்தைக் காட்டியது. குட்டையின் மேற்கே நின்ற பழைய கிளுவை வேலியில் ஒரு கிளை காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. இப்படி ஆடும் கிளைகளைச் சங்கத்தார் 'சும்மா அசைவு' என்பார்கள். அந்த அசைவின்மேல் தவிட்டு நிறத்தில், வெளிறிய கண்களோடு, ஒன்றையொன்று இடித்துத் தள்ளியபடி கிர்ரென்று கத்திக்கொண்டு குருவிகள் இருந்தன. இடக்கண்ணால் பார்த்தாள். வெறும் கிளை. மறுபடி வலக்கண். குருவிகள்.

தவிட்டுக்குருவி. சின்ன வயதில் எந்த வேலிக்குள் பார்த்தாலும் இருந்தது. அழகில்லாத, சண்டைக்காரப் பறவை. யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, அவளும்தான். அவள் அன்று வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு அந்த வருடம் முழுதும் ஒற்றைக் கண்ணோடு சூலூர், பேரூர், ஆனைமலையடிவாரம் என்று வேலி வேலியாகத் தேடினாள். காக்கை கொஞ்சம் இருந்தது. மைனா இருந்தது. தவிட்டுக்குருவி ஊசிக்குட்டையைத் தவிர எங்கும் இல்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய நாள் தானாக வந்தது.

நடை முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சங்கத் தலைவர் அறவாழி தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர். 'காற்று ஊட்டிய குஞ்சு' என்ற படத்துக்காக நாடெங்கும் பரிசு வாங்கியவர். சுடலைக்குயிலின் குஞ்சொன்று கிளையில் உட்கார்ந்து வாயை அகலத் திறந்திருக்க, அதன் அலகுக்கு நேரே ஒரு பச்சைப்புழு அந்தரத்தில் தொங்கும். அவ்வளவுதான் படம். கோவையில் அதை மாட்டாத வரவேற்பறை கிடையாது.

"நல்ல சேதிங்க. சுடலைக்குயிலுக்குன்னு நமக்கு ஒரு காட்சிமேடை கட்டித் தர்றாங்க. இந்த வேலியை எடுத்துட்டா பின்னால இருக்கிற மரமெல்லாம் அப்படியே தொறந்துக்கும். ரெண்டு வருசமா குயில் ஏன் வரலைன்னு கேட்டீங்கல்ல? நாம சரியான எடத்துல நிக்கலை, அதானுங்க."

கை தட்டினார்கள். மரகதம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வேலியில குருவி இருக்குதுங்க."

"என்ன குருவிங்கம்மா?"

"தவிட்டுக்குருவி."

சிரிப்பு கிளம்பிற்று. "எங்க ஊட்டு ஓட்டு மேலகூட இருக்கும்ங்கக்கா, தெரியறதில்லை, அவ்வளவுதான்" என்றார் ஒருவர்.

"இல்லீங்க. நான் போய்ப் பார்த்தேன். எங்கியும் இல்லை. மிச்சம் இருக்கிறது இந்த வேலியில மட்டுந்தான்."

தலைவர் பொறுமையாகத்தான் பேசினார். "ஒத்தைக் கண்ணுல பார்த்ததைக் கணக்குல எடுத்துக்க முடியுங்களா? பதினாலாயிரம் இருக்குது. அதுல ஒரு வேலிக் குருவி போனா என்னங்க?"

"அந்தப் பதினாலாயிரத்தை யாருங்க பார்த்தது?"

மரகதம் எழுந்து தலைவரின் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைக் கடைசியா எப்பங்க தொவைச்சீங்க?"

"தொவைக்கிற வேலையே இல்லீங்களே. இப்பெல்லாம் அழுக்கே ஆகறதில்லை." சற்றுப் பெருமையாகவே சொன்னார்.

"நாம சங்கத்துல சேர்ந்தப்ப நடை முடிஞ்சா தொப்பி மேல கோலம் போட்ட மாதிரி இருக்கும். இப்ப வெள்ளை வெளேர்னு இருக்குது. மேல ஒண்ணுமில்லைன்னு தொப்பிக்குத் தெரிஞ்சிருக்குது, நமக்குத் தெரியலை." தொப்பியை அவர் மடியில் வைத்தாள். "சரி, அது கெடக்கட்டும். உங்க படத்துல அந்தக் குஞ்சுக்கு யாருங்க ஊட்டுனது?"

எல்லாருக்கும் அது தெரியும். சுடலைக்குயில் தவிட்டுக்குருவியின் கூட்டில்தான் முட்டையிடும். அதே நீல முட்டை. ஏமாந்த குருவிக் குடும்பம் மொத்தமும் சேர்ந்து அந்தக் குஞ்சை வளர்க்கும். தெரிந்தும் யாரும் அந்தப் படத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"அது தெரியாம இருக்கிறதுதானுங்களே அதோட அழகு" என்றார் தலைவர்.

திரும்பும்போது ஷாகிரா உடன் வந்தாள். மரகதத்தைவிட இருபது வயது இளையவள், பல ஆண்டுகளாக நடையில் துணை. வாழ்நாளில் ஐந்நூறு இனம் பார்த்தவர்களைச் சங்கம் ஐந்நூற்றுவர் என்று அழைத்துப் பொன்னாடை போர்த்தும். ஷாகிராவுக்கு ஒன்றுதான் பாக்கி. அது சுடலைக்குயில்.

"அக்கா, உனக்கு ஏன்க்கா இந்த வம்பு? கண்ணை மாட்டிக்கிட்டுப் பேசாம இரு. மேடை வந்தா நானும் கரை ஏறிருவேன்."

"நீ சல்லடையை ஒரு நிமிசம் அணைச்சுப் பாரு."

"நானூத்தித் தொண்ணூத்தொம்பது போயிருமேக்கா! என் கல்யாண நாள்ல எந்திரிச்சு ஓடிப்போய்ப் பார்த்த மீன்கொத்தியும் அதுல இருக்குது."

"தவிட்டுக்குருவி பார்த்திருக்கியா?"

ஷாகிரா யோசித்தாள். அவளுக்குத் தெளிகண் வந்தது ஆறு வயதில். "பாடப் புத்தகத்துல பார்த்தேன்" என்றாள்.

வெட்டுப்பொறி வந்த நாளில் மரகதம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் வேலிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பொறி மனிதரைக் கண்டால் நின்றுவிடும்படி செய்யப்பட்டது. நின்றது. "தயவுசெய்து விலகவும்" என்று செந்தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தது. தலைவர் ஓடி வந்தார். சங்கத்தார் கூடினார்கள்.

"மரகதம்மா, முப்பது வருசம் எங்க போட்டிக்கெல்லாம் நடுவரா இருந்தவங்க நீங்க. படத்துல ஒரு எறகு ஒட்டுப்போட்டிருந்தாக்கூடத் தூக்கி எறிவீங்க. நீங்களே இப்படிச் செஞ்சா எப்படிங்க?"

"அதனாலதானுங்க சொல்றேன். உங்க படத்துல ஒரு குருவியையே காணோம்."

"சங்கத்தை விட்டு நீக்க வேண்டி வரும்ங்க."

"நீக்குங்க. நாற்காலி என்னோடது."

வெயில் ஏறிற்று. அவள் அசையவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் குருவிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் ஒரு வலக்காதுக்கு மட்டும் அது கேட்டது. ஷாகிரா கொஞ்சதூரத்தில் நின்றிருந்தாள். மரகதம் அவளைக் கூப்பிடவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. ஒருவேளை கூப்பிட்டிருந்தால் வந்திருக்கமாட்டாள். கூப்பிடாததால்தான் ஷாகிரா மெல்ல வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள், சல்லடையின் விசை இருந்த நெற்றிப்பொட்டில் விரலை வைத்தாள், நானூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் அணைத்தாள்.

முதலில் சத்தம்தான் அவளைத் தாக்கிற்று. இரண்டடி பின்வாங்கினாள்.

"யா அல்லாஹ்! அக்கா, இது என்ன இப்படிக் கத்துது?"

"அது அப்படித்தான்."

"எனக்கு முன்னாலயே உக்காந்திருக்குதுக்கா. இவ்வளவு நாளும் இங்கதான் இருந்துச்சா?" அவள் கண் கலங்கியது. ஒரு குருவி அவள் செருப்பின் பக்கமாகத் தத்தி வந்து சருகைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போனது.

விதிப்படி மூன்று சாட்சிகள் கேட்டால் பதிவகம் மறுகணக்கு எடுக்கவேண்டும். தலைவர் ஷாகிராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரகதம் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் இது தமிழ்நாட்டிலேயே அரிய பறவையாகிவிடும். முதல் மூன்று பதிவில் ஒரு பெயர் இன்னும் காலியாக இருந்தது. அரிய பறவையைக் கண்டுபிடித்தவருக்கு அழிந்த எண்ணிக்கையைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவரும் நெற்றிப்பொட்டில் விரலை வைத்தார்.

மறுகணக்கு நடந்தது. ஒரு நாள் முழுக்க, அந்த ஒரு குருவிக்கு மட்டும், மாநிலம் முழுதும் சல்லடை திறந்தது. யாரும் வேண்டுமென்று தேடவில்லை. கடைக்குப் போனவர்கள், துணி உலர்த்தியவர்கள் எல்லாருடைய தெளிகண்ணும் தானாகத் தேடிற்று. மாலையில் விடை வந்தது. ஊசிக்குட்டை, கிளுவை வேலி. வேறெங்கும் இல்லை. தவிட்டுக்குருவி 'சாதாரணம்' வகுப்பிலிருந்து 'அரிதினும் அரிது' வகுப்புக்கு ஏறியது. சங்கம் மரகதத்துக்கு மாலை போட்டது. வேலியை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அன்றிரவு மரகதம் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் குட்டைக்குப் போனபோது கரையில் நடக்க இடமில்லை. பாலக்காட்டிலிருந்து, பெங்களூரிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். வேலிமேல் படப்பொறிகள் ஈசல்போலப் பறந்தன. பத்துத் திசையிலிருந்தும் குருவியின் பதிவுக் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியைக் கூப்பிட்டார்கள். நிஜக் குருவிகள் முன்பின் அறியாத கூட்டங்கள் தங்கள் வேலியைப் பிடிக்க வருவதாக எண்ணித் தொண்டை கிழியக் கத்தி, பிறகு கத்த முடியாமல் அடர்ந்த இடமாகப் பார்த்து ஒடுங்கின. அந்த அடர்த்தி படத்துக்கு இடைஞ்சல் என்று ஒருவர் கிளைகளை ஒடித்தார். ஒடித்த கிளுவைக் கம்புகளைக் கூட்டத்தைத் தடுக்கக் குட்டையைச் சுற்றி நட்டுக் கயிறு கட்டினார்கள். வேலியை வெட்டாமல், அதற்கு எதிரில் தவிட்டுக்குருவிக்கான காட்சிமேடை எழும்பத் தொடங்கியது.

சில நாளில் கூட்டில் முட்டை குளிர்ந்துவிட்டது. பெற்றவை பக்கத்தில் வரவில்லை. ஏழு ஐந்தாயிற்று. முதலில் இருந்தவை ஆறுதான் என்றால், போனது ஒன்று.

"கூட்டத்தைக் கொஞ்சம் வெலகச் சொல்லுங்க" என்று மரகதம் தலைவரிடம் கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சியதை நான் கேள்விப்பட்டது அது ஒரு தடவைதான்.

"எப்படிங்கம்மா சொல்றது? கண்டுக்கவே மாட்டேங்கறாங்கன்னு சண்டை போட்டதே நீங்கதானுங்களே. இப்பப் பாருங்க, பார்க்காத ஆளே இல்லை" என்றார் அவர். கேலிக்காகச் சொல்லவில்லை, மகிழ்ச்சியோடு சொன்னார்.

அன்று மாலை பதிவகத்திலிருந்து மரகதத்துக்கு ஒரு கேள்வி வந்தது. பொறிகள் எண்ணலாம், சாட்சி மட்டும் மனிதர்தான் சொல்லவேண்டும் என்பது சட்டம். முதல் சாட்சி அவள். பதிவகத்தின் குரல் பணிவாகக் கேட்டது. தவிட்டுக்குருவியைக் கண்டதாகப் பதினோராயிரம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஐந்து குருவிகள் என்கிறார்கள். இவை ஒரே குருவிகளா, வெவ்வேறா?

வழக்கமாக இது ஒரு சடங்கு. 'ஒரே குருவிகள்' என்று முதல் சாட்சி சொல்வார், கணக்கு நேராகிவிடும்.

மரகதம் அப்போது நாற்காலியில், வேலிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். எதிரே நூற்றுக்கணக்கான கண்கள் சிமிட்டிக்கொண்டிருந்தன. ஷாகிரா பக்கத்தில் நின்றாள். முப்பது வருடம் ஓர் இறகுகூடப் பொய்யாக ஏற்றுக்கொள்ளாதவள், வேலிக்குள் ஒடுங்கியிருந்த குருவிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெவ்வேறு" என்றாள்.

"உறுதியா?"

"உறுதி. எல்லாமே வேற வேற. ஐம்பத்தையாயிரம். எழுதிக்கோ."

பதிவகத்துக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை. ஐம்பத்தையாயிரம் இருக்கும் பறவை எப்படி அரிதாகும்? தவிட்டுக்குருவி அந்தக் கணமே 'சாதாரணம்' வகுப்புக்கு இறங்கியது. கரைமேல் சல்லடையோடு நின்ற அத்தனை பேரின் கண்ணிலும் வேலி வெறும் வேலியாயிற்று. எடுத்து வைத்திருந்த படங்களில்கூட வெறும் கிளைதான் மிஞ்சியது.

"என்னங்க, காணோம்?"

"சாதாரணம்னு போட்டுட்டாங்க."

"சாதாரணமா? சே, இதுக்கா பாலக்காட்டிலிருந்து வந்தேன்?"

யாரும் தங்கள் கண்களை நம்பி மேலும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நேற்று வரை ஐந்தாக இருந்தது இன்று எப்படி ஐம்பத்தையாயிரம் ஆனது என்று யோசிக்கவும் இல்லை. தொப்பிகளைச் சரிசெய்துகொண்டு, முக்குளிப்பானைப் பற்றிப் பேசியபடி இறங்கிப் போனார்கள். அவர்கள் கால்களுக்கிடையே ஒரு குருவி தத்திப் போய் யாரோ சிந்திய முறுக்குத்துண்டைக் கொத்திக்கொண்டு ஓடியதை மரகதம் பார்த்தாள்.

தலைவர் மட்டும் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நீங்க பொய் சொல்லிட்டீங்க."

"பதினாலாயிரம்னு நீங்க சொன்னப்ப அது கணக்கு. ஐம்பத்தையாயிரம்னு நான் சொன்னா பொய்யுங்களா?"

"நான் மறுகணக்குக் கேப்பேன்."

"கேளுங்க. மூணு சாட்சி வேணும்."

அவர் ஷாகிராவைத் திரும்பிப் பார்த்தார். ஷாகிரா வேலியைப் பார்த்தாள், மரகதத்தைப் பார்த்தாள். பிறகு நெற்றிப்பொட்டில் விரலை வைத்து, சல்லடையை மறுபடி இறக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே" என்றாள் தலைவரிடம். அது முழு உண்மை.

அவர் போன பிறகு மரகதம் கேட்டாள். "ஏன்டி மூடிக்கிட்டே? நீ பார்க்கலாமே."

"என்னை நம்ப முடியாதுக்கா. இந்தக் கண்ணு தொறந்திருந்தா என்னைக்காவது ஒருநாள் ரெண்டு தடவை சிமிட்டிருவேன்."

பிறகு என்ன ஆனது என்றால், அரைகுறையாக நின்ற மேடையைக் கேட்பாரில்லை. தடுப்புக்கு நட்ட கிளுவைக் கம்புகள் மழையில் வேர்விட்டுத் துளிர்த்தன. கிளுவைக்கு அது இயல்பு. இரண்டே வருடத்தில் குட்டையைச் சுற்றிப் புது வேலி அடர்ந்தது. அடுத்த பருவக்காற்றோடு சுடலைக்குயில் வந்தது. ஷாகிரா ஐந்நூற்றுவரில் ஒருத்தியாகிப் பொன்னாடை போர்த்திக்கொண்டாள். ஊசிக்குட்டைக்கு மட்டும் அவள் அதன்பின் வரவில்லை. தலைவர் அறவாழி காற்று ஊட்டும் இன்னொரு குஞ்சைப் படமெடுத்து இன்னொரு பரிசு வாங்கினார். இரண்டு கண்ணிலும் சல்லடை இருப்பவர்தான் உறுப்பினராக இருக்க முடியும் என்று மரகதத்தைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அவள் இடக்கண்ணின் வில்லையையும் எடுத்துவிட்டு, தன் நாற்காலியோடு தினமும் குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சில வருடங்கள் கழித்து ஒரு தை மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தாள். குருவிகள் எத்தனை ஆயின என்பதைச் சொல்லக்கூடிய கண் அதற்குப் பிறகு இல்லை. பதிவகத்தில் இன்றும் ஐம்பத்தையாயிரம் என்றே இருக்கிறது.

தலைவர் இப்போது நடை முடிந்து வந்ததும் தொப்பியைத் துவைக்கிறார்.